ஓரத்துக்குச் சொந்தக்காரர்கள்

ஹரிக்ளியா முதல்முறை அந்த நூலகத்துக்குப் போனபோது வாசல்காரர் ப்ரோகோப்பிஸ் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டார். பையில் பேனா இருக்கிறதா? உடம்பில் பழைய எலும்புமுறிவு ஏதாவது உண்டா? வந்த காரியம் 1453-க்கு முந்தியதா, பிந்தியதா?

பேனா இல்லை என்றாள். இடது மணிக்கட்டு ஒருமுறை பிசகியிருக்கிறது என்றாள். மூன்றாவது தெரியவில்லை என்றாள்.

"தெரியலைன்னா பரவாயில்ல பொண்ணே," என்றார் அவர். "ஆனா படிக்கட்டு நடுவுல மட்டும் நிக்காத. மேல போறதுன்னா நிக்காம போ. கீழன்னா கீழயே இரு. நடுவுல நின்னவங்களத்தான் நான் வாரி அள்ளியிருக்கேன்."

அவருடைய இடது காதின் மேல்பாதி இல்லை. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "எழுபத்தொண்ணாம் வருஷம் புத்தகச் சரிபார்ப்பு நடந்துச்சு," என்றார், பதக்கம் வாங்கிய வருஷத்தைச் சொல்பவரைப் போல.

நூலகத்தின் முழுப்பெயர் வாசல் பளிங்கில் செதுக்கப்பட்டிருந்தது: மத்தியகால மற்றும் நவீன கிரேக்க வரலாற்றுப் பண்பாட்டு நூலகம். அதிலிருந்த 'மற்றும்' என்ற சொல்லை மேல்மாடிக்காரர்கள் ஒருமுறை உளியால் கொத்தி எடுத்தார்கள். அடுத்த வருஷம் அதை யாரோ மறுபடி செதுக்கினார்கள். அதன்பின் கீழ்த்தளத்துக்காரர்களும் ஒருமுறை கொத்தினார்கள். இப்போது அந்த இடத்தில் ஆழமாக ஒரு குழி. புறா முட்டையிட்டிருந்தது.

மேல்மாடி மத்தியகாலம். 1453 மே 29, செவ்வாய்க்கிழமை காலை வரை நடந்தது எல்லாம் அங்கே. அன்று பிற்பகலிலிருந்து நடந்தது எல்லாம் கீழே. படிக்கட்டின் நடுத்திருப்பம் யாருக்கும் சொந்தமில்லை. மேலே பதினோரு ஊழியர்கள், கீழே பதினோரு ஊழியர்கள். செவ்வாய்க்கிழமைகளில் நூலகம் மூடியிருக்கும். கிரேக்கப் பேரரசின் தலைநகரம் துருக்கியரிடம் விழுந்த கிழமை என்று மேல்மாடிக்காரர்கள் துக்கம் காத்தார்கள். அதுதானே நாம் பிறந்த கிழமை என்று கீழ்த்தளத்துக்காரர்கள் வீட்டில் ஆட்டுக்குட்டி சுட்டார்கள். நூறு வருஷத்தில் இரண்டு பிரிவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்த விடுமுறைதான்.

ஹரிக்ளியாவுக்கு வரலாற்றோடு எந்தப் பகையும் இல்லை. அவள் ஏதென்ஸில் ஒரு பொது மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். அறுவை அறைத் துணிகள் அவள் பொறுப்பு. நாலாம் வகுப்புவரை படித்திருந்தாள்.

ஏதென்ஸில் ஒரு பிணத்துக்கு மண் மூன்று வருஷம்தான். அதன்பின் நகராட்சிக்காரர்கள் தோண்டி எலும்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தகரப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். அவள் அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தோண்டுவதாகக் கடிதம் வந்திருந்தது. கடைசி நாட்களில் அம்மா வேறு எதுவும் பேசவில்லை. "பெட்டியில என்னைத் தனியா வெக்காத. உங்கப்பன எங்கன்னு கண்டுபிடி. அவன்கூடப் போட்டு மூடு." அவ்வளவுதான். அதன்பின் இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

அப்பா லாம்ப்ரோஸ் உள்நாட்டுச் சண்டையில் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்து மலைக்குப் போனவர். நாற்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் ஊருக்கு மேலே மடத்துப் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹரிக்ளியாவுக்கு அப்போது ஒரு வயது. உடலைப் புதைத்தவர் மடத்துத் துறவி யெராசிமோஸ். எங்கே என்று அம்மா கேட்டபோது அவர் சொல்லவில்லை. "சொன்னா உன்னை அடிச்சுக் கேப்பாங்க. நீயும் சொல்லிடுவ. புத்தகத்துல எழுதியிருக்கேன், அமைதி வந்ததும் வந்து படிச்சுக்கோ" என்றார். மூன்று வாரத்தில் ராணுவம் ஊரைக் காலி செய்தது. துறவி வழியிலேயே குளிரில் விறைத்துச் செத்தார். புத்தகத்தைப் பாதுகாப்புக்காக ஏதென்ஸுக்கு லாரியில் ஏற்றினார்கள். அமைதி வருவதற்குள் அது இந்த நூலகத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அது 1387-இல் ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட நற்செய்திப் புத்தகம். மலை மடங்களில் காகிதம் ஏது? ஆலங்கட்டி மழை பெய்தால், வெட்டுக்கிளி வந்தால், கோவேறு கழுதை செத்தால், பிள்ளை பிறந்தால், பிணம் விழுந்தால், துறவிகள் கோயில் புத்தகத்தின் ஓரத்தில்தான் குறித்து வைப்பார்கள். ஐந்நூறு வருஷமாக அந்த மடத்தில் வந்த ஒவ்வொருவரும் குறித்திருந்தார்கள். நடுவில் கர்த்தரின் வார்த்தை, சுற்றிலும் ஊர்.

ஆக, ஒரே பக்கத்தில் நடு மேல்மாடிக்குச் சொந்தம், ஓரம் கீழ்த்தளத்துக்குச் சொந்தம். ஹரிக்ளியா இது தெரியாமல் படி ஏறினாள்.

மேல்மாடித் தலைவர் ஸ்கார்லாடோஸ் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வாசிப்பறையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். நாலைந்து பேர் கையைத் தொட்டில்கட்டி, நல்ல கையால் பக்கம் புரட்டினார்கள். ஒருவர் தலையைச் சுற்றிக் கட்டு. யாரும் இருமவில்லை. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. எலும்புமுறிவு வார்டில் மதிய வேளை இப்படித்தான் இருக்கும்.

அவள் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார் ஸ்கார்லாடோஸ். பிறகு எழுந்து நின்றார். நின்றுதான் அவருக்குப் பேச வரும்.

"அம்மா, நீங்க ஓரத்தைப் பாக்கணும்ங்கறீங்க. எங்ககிட்ட ஓரம் கிடையாது. எங்களுது நடு. ஓரத்துல இருக்கறதுக்குப் பேரு எழுத்து இல்ல, காயம். ஆயிரத்து முந்நூத்து எம்பத்தேழாம் வருஷத்து அழகான கையெழுத்து. அதுக்குப் பக்கத்துல ஆட்டுப்புழுக்கை நாத்தத்தோட ஒருத்தன் வந்து, 'இன்னிக்கு என் கழுதை செத்துச்சு'ன்னு எழுதறான். கத்தியால குத்தினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நாங்க நாகரிகமான ஜனங்க. எங்க ராஜாக்களப் பாருங்க. சொந்தத் தம்பி கண்ணப் புடுங்கறதா இருந்தாக்கூட, முதல்ல பாதிரியார கூப்ட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் இரும்பைக் காய்ச்சுவாங்க. அது பண்பாடு. அதுக்கு அப்புறம் இந்த நாட்டுல என்ன நடந்திருக்கு? ஒண்ணுமே நடக்கலை. வெறும் ஜனங்கதான் பொறந்து செத்திருக்காங்க."

"என் அப்பா அதுல ஒருத்தருங்க," என்றாள் ஹரிக்ளியா.

"அதைத்தான் சொல்றேன்," என்றார் அவர் கனிவாக.

புத்தகத்தைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். இரண்டு பேர் அதைத் தூக்கிவந்து வைத்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மீதும் கறுப்பு அட்டைச் சட்டம் ஒன்று பொருத்தித் திருகியிருந்தார்கள். நடுமட்டும் தெரிந்தது. ஓரம் முழுக்கச் சட்டத்துக்கு அடியில். அவள் குனிந்து, சட்டத்துக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் இடுக்கில் பார்த்தாள். பழுப்பு மையில் ஒரு வால் தெரிந்தது. ஏதோ எழுத்தின் வால். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

உதவியாளர் பித்தளை அளவுகோலின் விளிம்பால் அவள் விரல்களை அடித்தார். இரண்டு விரலில் தோல் கிழிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"முதல் தடவை வர்றவங்கள மெதுவாத்தான் அடிப்போம்," என்றார் அவர் காதருகே, மற்ற வாசகர்களுக்குத் தொந்தரவு ஆகாத குரலில்.

கீழ்த்தளத்தில் சிகரெட் புகையும் குளிர்ந்த காப்பியின் வாசனையுமாக இருந்தது. தலைவி கரவேலா அம்மையார் அவள் விரலைப் பார்த்ததும் கொதித்துப் போனார்.

"அடிச்சானா? அந்த மெழுகுவத்தி நக்கி உன்னை அடிச்சானா? அடேய், வாங்கடா எல்லாரும், பாருங்க! மக்களோட ரத்தம்!" எல்லாரும் வந்து பார்த்தார்கள். யாரும் துணி கொடுக்கவில்லை. "இந்த ஓரம் இருக்கு பாரு தோழி, இதுதான் உண்மையான சரித்திரம். ராஜா எழுதினதில்ல, மக்கள் எழுதினது. இதுக்காக எங்காளுங்க மூணு பேரு கை ஒடிஞ்சிருக்கு. ஒருத்தனுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. மக்களுக்காக உயிரையும் குடுப்போம் நாங்க. ஆமா, நீ யாரு?"

"அந்த ஓரத்துல யாரைப் பத்தி எழுதியிருக்கோ, அவரோட மகள்."

கரவேலா அம்மையாரின் முகம் மாறியது. "மகளா? எந்த ஆய்வு நிறுவனம்?"

"மகள்தாங்க. ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறேன்."

"ஐயோ, மக்கள் நேரடியா வரக் கூடாதும்மா. மக்களைப் பத்திப் படிக்கறவங்க மூலமாத்தான் வரணும். இல்லைன்னா யாரு வேணா வந்துடுவாங்க."

ஓரக்குறிப்புகளின் அட்டைகளையாவது பார்க்கலாமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். சுவர் நீளத்துக்கு இழுப்பறைகள். பதினாலாயிரம் அட்டைகள். ஒவ்வொரு இழுப்பறையிலும் அட்டைகள் நழுவாமல் குறுக்கே ஒரு நீண்ட பித்தளைக் கம்பி செருகியிருந்தது. ஹரிக்ளியா தன் ஊர் மடத்தின் இழுப்பறையைத் திறந்தாள். முதல் அட்டையில் 'பார்க்கப்படவில்லை' என்று இருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள், எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில், தேதியும் முத்திரையும் சேர்த்து, பார்க்கப்படவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷ உழைப்பு," என்றார் அம்மையார் பெருமூச்சோடு. அப்போது மேலிருந்து ஏதோ ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்தாரா தெரியாது. "சிரிக்கிறான்!" என்று கத்தி இழுப்பறையை அறைந்து மூடினார். ஹரிக்ளியாவின் கை இன்னும் உள்ளே இருந்தது. சுண்டுவிரல் நகம் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கும் பிறகு ஓர் அட்டை எழுதினார்கள்.

அவள் வாசலுக்கு வந்தபோது ப்ரோகோப்பிஸ் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"மேல எத்தனை, கீழ எத்தனை?"

"மேல ரெண்டு விரல், கீழ ஒண்ணு."

"மேலதான் எப்பவும் ஒரு படி ஜாஸ்தி," என்றார். "இதுக்கு மேல கூட்டுக்குழுதான் போகணும். மனு போடு. ஒண்ணு பழைய பாணியில எழுதி மேல குடு, அதே மனுவப் புதுப்பாணியில எழுதிக் கீழ குடு. மாத்திக் குடுத்துடாத. போன வருஷம் ஒரு ஜெர்மன்காரன் மாத்திக் குடுத்துட்டான். அவன் பொண்டாட்டி வந்து கண்ணாடிய மட்டும் வாங்கிட்டுப் போனா."

கூட்டுக்குழு ஐந்து வாரம் கழித்துக் கூடியது. அதுவரை அவள் செவ்வாய் தவிர தினமும் காலை ஷிப்ட் முடிந்து வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனாள். சில நாள் ப்ரோகோப்பிஸ் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டுவார், வாங்கிக்கொள்வாள். நாள் நெருங்க நெருங்க, அலமாரியில் தனியாக ஒரு தகரப் பெட்டி அவள் கண்முன் வந்துகொண்டே இருந்தது. பெயர் எழுதின பக்கம் சுவரைப் பார்த்தபடி.

குழுவின் தலைவர் நூலக இயக்குநர். ஒரு கண் கண்ணாடிக் கண். எந்தக் கண் என்று இரண்டு பிரிவுக்கும் தெரியாதபடி அவர் நடந்துகொள்வதால்தான் இருபது வருஷமாக அந்தப் பதவியில் இருக்கிறார் என்றார்கள். அவர் மனுவைப் படித்துவிட்டு மணியை ஒருமுறை அடித்தார்.

"இந்த நிறுவனம் நூறு வருஷத்துல ஒரு பக்கத்தைக்கூட இழந்ததில்லைன்னு நான் பெருமையோட சொல்லிக்கறேன். ஆளுங்களத்தான் இழந்திருக்கோம். ஆளுங்க மறுபடி கிடைப்பாங்க, விளம்பரம் குடுத்தா போதும். இந்த அம்மா ஒரு பிணத்தைத் தேடறாங்க. நல்ல விஷயம். ஆனா நாம எல்லாரும் பிணத்தைத்தானே தேடறோம்? அவங்களுக்கு மட்டும் கிடைச்சுட்டா, மத்த ஆய்வாளருங்க என்ன நெனப்பாங்க?"

"ஓரத்தைக் குடுத்துட சொல்லுங்க, முடிஞ்சுது," என்றார் கரவேலா.

"நேத்து முளைச்சதுங்கல்லாம் பேசுது," என்றார் ஸ்கார்லாடோஸ்.

"நீ ஐந்நூறு வருஷமா செத்துக் கிடக்கற, உனக்கென்ன வாய்?"

ஸ்கார்லாடோஸ் மைக்கூட்டை எறிந்தார். பளிங்கு மைக்கூடு. அது கரவேலாவின் புருவத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சுவரில் பட்டது. அம்மையார் மேசைமேல் ஏறி நடந்துவந்து அவர் கையுறையோடு சேர்த்துக் கட்டைவிரலைக் கடித்தார். கையுறை சிவந்தது. இயக்குநர் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நடவடிக்கைக் குறிப்பு எழுதும் எழுத்தர் தலை நிமிராமல் எழுதினார். பிறகு ஹரிக்ளியாவுக்கு அந்தக் குறிப்பின் நகல் ஒன்று கொடுத்தார்கள். 'கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று இருந்தது.

முடிவும் அதிலேயே இருந்தது. சர்ச்சைக்குரிய புத்தகத்தின் ஓரத்தை நறுக்கி எடுத்து நவீனப் பிரிவுக்குக் கொடுப்பது. நடுவை மத்தியகாலப் பிரிவு வைத்துக்கொள்வது. நறுக்குதல் அக்டோபர் பதினைந்து, புதன்கிழமை, பொது இடமான படிக்கட்டுத் திருப்பத்தில். ஓரம் நவீனப் பிரிவில் பதிவானதும் மனுதாரர் ஆறு மாதத்தில் விண்ணப்பிக்கலாம்.

"ஆறு மாசமா? சனிக்கிழமை தோண்டறாங்கய்யா," என்றாள் ஹரிக்ளியா.

"தள்ளிப் போடச் சொல்லுங்க. செத்தவங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் இயக்குநர். அவருடைய ஒரு கண் அவளைப் பார்த்தது. எது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். திருப்பத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். ஆள் உயரம், கால் மிதி வைத்தது. புத்தகம் கட்டுபவர் ஒருவர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்தார். அவருக்கு வெட்டத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. மேல்படிகளில் பதினோரு பேர், கீழ்ப்படிகளில் பதினோரு பேர். ஹரிக்ளியா கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றாள். சட்டங்களைக் கழற்றி, மனுவிலிருந்த வருஷத்தைத் தேடி, முதலில் அவளுடைய பக்கத்தையே எடுத்தார்கள், மனுதாரர் மீதான மரியாதைக்காக.

அவள் முதன்முறையாக அந்த ஓரத்தைப் பார்த்தாள். நாலு அடி தூரத்தில், சின்னச் சின்னப் பழுப்பு எழுத்துகள், குளிரில் கை நடுங்கி எழுதியவை. இடம் போதாமல் சில எழுத்துகளின் வால் உள்ளே, நற்செய்தியின் வரிகளுக்கு நடுவே நுழைந்திருந்தது.

"எங்க வெட்டணும்?" என்றார் புத்தகம் கட்டுபவர்.

"வாலுக்கு உள்பக்கமா," என்றார் கரவேலா. "மக்களோட ஒரு எழுத்தும் போகக் கூடாது."

"வாலுக்கு வெளிப்பக்கமா," என்றார் ஸ்கார்லாடோஸ். "கர்த்தரோட ஒரு புள்ளி போனாலும் உன் கழுத்துதான்."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு?" என்று கேட்டார் அவர், தொழில் முறையில். குனிந்து அளந்தார். "ரெண்டு மில்லிமீட்டர்."

அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக முதல் அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மேலிருந்து இரும்புப் புத்தகத்தாங்கிகள் பறந்தன. கீழிருந்து இழுப்பறைக் கம்பிகளை உருவிக்கொண்டு ஏறினார்கள். ஒரு கம்பி ஒருவருடைய கன்னத்தில் நுழைந்து மறுகன்னத்தில் எட்டிப் பார்த்தது. அவர் எட்டாம் நூற்றாண்டு உருவவழிபாட்டுச் சண்டைகளில் நிபுணர், பேச முயன்றுகொண்டே இருந்தார். மேல்மாடிப் பட்டியலாளர் ஒருவர் ஏணியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ள, கீழ்ப்படியில் மூன்று பேர் வரிசையாகப் பின்னோக்கி விழுந்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் மூன்று முறை, காலதாமதம் இல்லாமல், ஒழுங்காகக் கேட்டது. புத்தகம் கட்டுபவர் பயத்தில் மிதியை மிதித்துவிட்டார். கத்தி இறங்கியது. அவருடைய கட்டைவிரல் படியில் உருண்டு, கீழ்த்தளம் வரை போய் நின்றது.

"அது எங்களுது!" என்று கீழிருந்து யாரோ கத்தினார்கள், பழக்கத்தில்.

புத்தகம் இயந்திரத்திலிருந்து சரிந்து பளிங்கில் விழுந்தது. அந்தப் பக்கம் வெட்டுப்படாமல் திறந்தபடி கிடந்தது. அதன்மேல் ஒரு பூட்ஸ் கால் வரப்போவதை ஹரிக்ளியா பார்த்தாள். யோசிக்கவில்லை. குப்புறப் பாய்ந்து அதன்மேல் விழுந்தாள். முழங்கைகளை ஊன்றி, மார்புக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் உண்டாக்கிக்கொண்டாள். அந்த ஒரு சாண் நிழலில் படிக்க ஆரம்பித்தாள்.

அவள் மெதுவாகப் படிப்பவள். உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

'நாற்பத்தெட்டு. பிப்ரவரி. பெரிய பனி.'

விலாவில் ஒரு உதை விழுந்தது. எங்கே விட்டாள் என்று தேட வேண்டியிருந்தது.

'பெரிய பனி. சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால். மேல்சுவர் ஓரம்.'

யாரோ அவள் முதுகின்மேல் ஏறி நின்று இன்னொருவரை அடித்தார்கள். இருவர் எடையும் சேர்ந்து இறங்கியபோது உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல் ஒடிந்தது. மூச்சு வாங்கக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு அவளுக்கு மிக நீளமாக இருந்தது. சத்தங்கள் எல்லாம் எங்கோ தூரத்துத் தெருவில் கேட்பதைப் போல் ஆயின. எழுத்துகள் மட்டும் பக்கத்தில் இருந்தன.

'லாம்ப்ரோஸைப் புதைத்தேன். அவனைச் சுட்ட சிப்பாய்ப் பையனையும். அவனும் லாம்ப்ரோஸின் குண்டால் செத்தான். மண் கல்லாகக் கிடந்தது. ஒரு குழிதான் வெட்ட முடிந்தது. ஒரே குழி. பையனின் பேர் தெரியவில்லை. விடியும்வரை அம்மா அம்மா என்றான். இருவருக்கும் சேர்த்து ஒரு ஜெபம் சொன்னேன். ஆண்டவரே, எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.'

அவ்வளவுதான் இருந்தது. அவள் இரண்டாம் முறையும் படித்தாள். முகத்தில் இரும்புத்தாங்கி ஒன்று பட்டபோது இரண்டாம் முறையின் கடைசி வரியில் இருந்தாள்.

பிறகு சண்டை நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நிற்கக்கூடியவர்கள் குறைந்துவிட்டார்கள். ஹரிக்ளியா பக்கவாட்டில் உருண்டு எழுந்தாள். ஸ்கார்லாடோஸ் நாலு காலில் தவழ்ந்து மேலிருந்து வந்தார். கரவேலா கீழிருந்து வந்தார், ஒரு கை தோளிலிருந்து தவறான பக்கம் தொங்கியது. இருவரும் ஒருசேரப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

ஹரிக்ளியாவின் மூக்கிலிருந்து ஒரு துளி ரத்தம் பக்கத்தில் விழுந்திருந்தது. பாதி ஓரத்தில், பாதி நற்செய்தியின் மேல்.

"இது நவீன காலத்து ரத்தம்," என்றார் கரவேலா. "புதுசு. எங்களுது."

"விழுந்த இடம் எதுன்னு பாருடி. பதினாலாம் நூற்றாண்டு மேல விழுந்தது எல்லாம் பதினாலாம் நூற்றாண்டு."

"குளிர்ந்த தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டு ஒத்தி எடுத்தா போயிடும்ங்க," என்றாள் ஹரிக்ளியா. "காயறதுக்குள்ள செய்யணும்."

யாரும் காதில் வாங்கவில்லை. அவள் படியிறங்கும்போது பின்னால் மறுபடி ஏதோ உடையும் சத்தம் கேட்டது. பளிங்கா, பல்லா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் ப்ரோகோப்பிஸ் துடைப்பத்தோடு தயாராக நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், அவள் விலாவைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"நடுவுல நின்னியா?"

"இல்ல. படுத்துக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். கதவைத் திறந்து பிடித்தார்.

வியாழக்கிழமை அவள் பேருந்தில் ஊருக்குப் போனாள். விலாவைப் போர்வையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தாள். ஊரில் ஏழு வீடுகளில்தான் ஆள் இருந்தார்கள். பெரியப்பா மகன் த்ராசோஸ் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கூட வந்தான். சூளையின் கூரை எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பின்னால் மேல்சுவர் ஓரம் முட்புதர்.

முழங்கால் ஆழத்திலேயே கிடைத்துவிட்டார்கள்.

ஹரிக்ளியா பேருந்து முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்திருந்தாள், பார்த்ததும் தெரிந்துவிடும் என்று. எலும்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒருவர் விலாவுக்குள் இன்னொருவர் கை. இரண்டு மண்டைகள். ஒன்றில் நெற்றியில் ஓட்டை. மற்றதில் தாடை சிதறியிருந்தது. பித்தளை பக்கிள் ஒன்று இருவருக்கும் அடியில், யாருடையது என்று சொல்ல முடியாத இடத்தில். மலைக்குப் போனவர்களும் செத்த சிப்பாய்களின் பெல்ட்டைத்தான் கட்டுவார்கள்.

"சித்தப்பா உசரமா, குள்ளமா?" என்றான் த்ராசோஸ்.

"தெரியாது. அம்மா சொன்னதில்ல."

"பல்லு? தங்கப்பல்லு ஏதாவது?"

"அந்தக் காலத்துல நம்ம வீட்டுல தங்கமா?"

இரண்டு மண்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். த்ராசோஸ் ஒரு சிகரெட் பிடித்தான், இன்னொன்று பிடித்தான். அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று அவளைத் தோளில் தூக்கியிருக்கும். ஒன்று அதைச் சுட்டது. எதுவும் எதையும் சொல்லவில்லை. வெயில் சூளைச் சுவரைத் தாண்டி இறங்கியதும் அவள் சூட்கேஸைத் திறந்தாள்.

"ரெண்டையுமா?" என்றான் அவன். "அக்கா, அவன்தான் சுட்டவன். தெரியுதா உனக்கு?"

"தெரியுது. பிடி, இந்தப் பக்கம் தூக்கு."

சனிக்கிழமை பத்து மணிக்கு நகராட்சி ஆட்கள் அம்மாவைத் தோண்டினார்கள். நல்லபடியாகக் கரைந்திருந்தாள், எலும்புகள் மஞ்சளாக, சுத்தமாக இருந்தன. புண்ணியவதி என்றார்கள். ஹரிக்ளியா வழக்கப்படி தகரத் தொட்டியில் சிவப்பு ஒயினை ஊற்றினாள். ஒவ்வொன்றாகக் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பினாள். அம்மாவை முதலில். பிறகு சூட்கேஸைத் திறந்தாள்.

கல்லறை எழுத்தர் பதிவேட்டோடு வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், வெயிலில் வியர்த்துப் போயிருந்தார்.

"கணவன் மனைவி ஒரே பெட்டின்னு மனுவுல இருக்கு. சரி. ஆனா இங்க மூணு மண்டை இருக்கேம்மா. மூணாவது யாரு?"

ஹரிக்ளியா கையிலிருந்ததைக் கழுவி முடித்தாள். ஒயின் நெற்றி ஓட்டை வழியாக உள்ளே போய்க் கண்குழி வழியாக வழிந்தது. அதை அம்மாவுக்கு வலப்பக்கம் வைத்தாள். மற்றதை இடப்பக்கம் வைத்தாள்.

"எது மூணாவதுன்னு எனக்கும் தெரியாதுங்க," என்றாள்.

பெட்டி மூடவில்லை. இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாமே என்றார் எழுத்தர். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, நீள எலும்புகளை எல்லாம் வெளியே எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக மறுபடி அடுக்கினாள். கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு மூடியது.